சறோஜா வளர்த்த மூன்றுகாலன்

என் புருசனின் தங்கை சறோஜா தங்கமான பிள்ளை. அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்த சாமானை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்த நாள் முதல் அவளுக்கு ஒரே சிஞ்ஞோராவின் வீட்டில்தான் வேலை. சிஞ்ஞோரா என்றால் வீட்டுக்காரம்மா, தனியாக இருக்கும் கிழவி. இங்கே இருக்க விடும் பெர்மெசோவே அந்த வேலையை நம்பித்தான். கிழவியின் மகன் மிலானோவில். வீட்டில் துணைக்கு இரண்டு சலமாந்தர். தண்ணீருக்குள் கிடக்கும் பல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிறிய வழவழத்த தோல், கழுத்தின் இரு பக்கமும் சிவப்புத் தும்பாகச் செவுள். ஒருநாள் பெரியது சின்னதின் முன்காலைக் கடித்துத் தின்றுவிட்டது. தின்றது பிறகு செத்துப்போனது. எனக்குத் துக்கமில்லை.

மிஞ்சிய மூன்றுகாலனின் பெயர் ஜீனோ. சிஞ்ஞோரா விழுந்து இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அதைக் கக்கூசில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிடச் சொன்னான் மகன். கிழவி சறோஜாவின் கையைப் பிடித்து அழுதாள். உயிரோடு திருப்பித் தருகிறேன் என்று இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். அப்படித்தான் எங்கள் இரண்டறை வீட்டுச் சமையலறையில் கண்ணாடித் தொட்டி வந்து குந்தியது.

நான் அப்போது கந்தசஷ்டி விரதம். அவள் என் மரக்கறிப் பலகைக்குப் பக்கத்தில் நின்று மண்புழு நறுக்கினாள். நறுக்கிய பிறகும் துண்டுகள் நெளிந்தன.

“உனக்கென்ன விசரே, சறோஜா? விரத வீட்டிலை என்ன கோதாரி இது?”

“அதுக்குக் கால் முளைக்குது மச்சாள். வடிவாச் சாப்பிட வேணும்.”

முளைத்தது உண்மைதான். முதலில் ஒரு குமிழ், பிறகு அதில் பொடிப்பொடியாக விரல்கள். பார்த்த அன்று எனக்குத் தேத்தண்ணிகூட இறங்கவில்லை.

பிறகு ஜீனோ தின்பதை நிறுத்தியது. இடுக்கியால் புழுவை வாய்க்கு நேரே ஆட்டினாலும் முகத்தைத் திருப்பியது. செவுள் சுருங்கியது. தோல் சவ்வுசவ்வாக உரிந்து மிதந்தது. கண்கள் வெளியே தள்ளின. தொட்டியை விட்டு ஏறப் பார்த்தது. சீ என்று அகப்பைக் காம்பால் தண்ணீருக்குள் தள்ளி, மேலே தட்டை வைத்து மூடினேன். சிஞ்ஞோராவின் வெறும் வீட்டைத் துடைத்துவிட்டு வந்த சறோஜா தட்டைத் தூக்கி எறிந்தாள். என்னை ஒருநாளும் ஏசாதவள்.

“மூச்சு முட்டிச் சாகப்போகுது. இனி அது தண்ணியிலை இருக்காது. தரைக்கு வாற பருவம் எண்டு மிருக வைத்தியர் சொன்னவர்.”

வெறுங்கையால் அந்தச் சளியைத் தூக்கி, ஈரப்பாசி விரித்த பெட்டிக்குள் விட்டாள். அது பட்டினி கிடந்த காலம் முழுக்க அவளும் அரைவயிறுதான். கடைசியில் கறுத்து, மஞ்சள் புள்ளி விழுந்து, செவுளே இல்லாத வேறொரு அரியண்டமாக எழும்பி, ஒரு புழுவை விழுங்கியது. சறோஜா அழுதாள். நான் யன்னலைத் திறந்துவிட்டேன்.

சிஞ்ஞோரா வீடு திரும்பியதும் பெட்டியோடு போனாள் சறோஜா. துணைக்கு நானும் போனேன். கிழவி மூடியைத் திறந்து பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுத் திரும்பவும் பார்த்தாள். விரல் நீட்டிக் கால்களை எண்ணினாள்.

“என் ஜீனோவுக்கு மூன்று கால். அதைக் கொன்றுவிட்டு இதை எங்கே பிடித்தாய்?”

சறோஜா தனக்குத் தெரிந்த இத்தாலியன் முழுவதையும் சொல்லிப் பார்த்தாள். போனில் எடுத்து வைத்திருந்த படங்களை நீட்டினாள். கிழவி போனைத் தட்டிவிட்டாள்.

“போனில் எதையும் செய்யலாம். இன்னும் என்னென்ன மாற்றினாய் என் வீட்டில்?”

அலுமாரியிலிருந்து வெள்ளிக் கரண்டிகளைக் கொண்டுவரச் சொன்னாள். சறோஜாதான் எடுத்துக்கொண்டு வந்து மடியில் வைத்தாள். கிழவி ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து எண்ணத் தொடங்கினாள். இப்படியொரு அருவருப்பு எனக்கு எந்தப் பிராணியிடமும் வந்ததில்லை.

“வா, போவம்,” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

சறோஜா அசையவில்லை.

“எண்ணி முடியட்டும் மச்சாள்.”