எப்ப எண்டு கேட்டால்

கிளிபோட் அங்கிளிடம் எதைக் கேட்டாலும் முதலில் அந்தக் கேள்வியைத் திருப்பிச் சொல்வார். பதில் அதற்குப் பிறகுதான் வரும்.

"அங்கிள், சாப்பிட்டீங்களோ?"

"சாப்பிட்டனானோ எண்டு கேக்கிறாய். ஓம், சாப்பிட்டிட்டன்."

ரொறன்ரோவில், எங்கள் அஜின்கோர்ட் வீட்டின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே இருந்த அறையில், அவர் குடியிருந்த காலம் முழுவதும் இதைக் கேட்டு வளர்ந்தேன். பள்ளிக்கூடம் போகிற வயதில் அவரைப்போலப் பேசிக்காட்டி அம்மாவைச் சிரிக்க வைப்பேன். பிறகு பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். தேர்தல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் வீட்டுக்குள்ளேயே இருந்த ஒருவர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்று அவரிடம் கேட்கத் தோன்றியதில்லை. மூக்கைப்போல அதுவும் அவரோடு பிறந்தது என்றே நினைத்திருந்தேன்.

அவரைப் பற்றி இன்னொரு புதினமான விஷயமும் உண்டு. எங்கள் தெருவில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் வாக்குரிமை உள்ள ஒரே ஆள் அவர். இளமையில் நியூயோர்க் மாநிலத்துப் பஃபலோவில் அகதியாக இறங்கி, ஹோட்டல் சமையலறையில் வேலை செய்து, அமெரிக்கக் குடியுரிமை எடுத்தவர். எமில்டா அன்ரியைக் கட்டிக்கொண்டு ரொறன்ரோ வந்தவர், அன்ரி இறந்துபோன பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். கனேடியக் குடியுரிமைக்கு அவர் விண்ணப்பிக்கவேயில்லை. இருக்கிற நாட்டில் வாக்கில்லை, விட்டுவந்த நாட்டில் இருக்கிறது. அந்த வாக்குச்சீட்டு தபாலில் வந்து அவருடைய பிரிட்ஜின் மேல் பல நாளாகக் கிடந்தது.

வேட்பாளர்களின் விவாதம் ரீவியில் போன அன்று பின்னேரமே மேலே வந்து சோபாவில் இடம் பிடித்துவிட்டார். அப்பா தேநீரோடு வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"கிளிபோட் அண்ணை, நியூயோர்க் எப்பவும் ஒரே பக்கம்தான் விழும். நீங்கள் போட்டாலும் ஒண்டுதான், போடாட்டியும் ஒண்டுதான்."

"ஸ்ரீதரன், உம்மட்ட இல்லாத சாமானுக்கு நீர் விலை சொல்லாதையும்."

அப்பா சொன்னது கணக்குப்படி சரி. நானும் அதையே வேறு சொற்களில் படித்திருந்தேன். ஆனாலும் அங்கிளின் முகத்தைப் பார்க்க, அன்றைக்கு அவருக்குத் தேவையாக இருந்தது வேறேதோ என்று பட்டது. அது மரியோவைப் பற்றியது.

மரியோ அவருடைய தங்கையின் மகன். நியூ ஜேர்சியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. அகதி வழக்குப் போட்டுவிட்டு வருடக்கணக்காக விசாரணைக்குக் காத்திருந்தார். அவர் புறப்பட்டபோது தவழ்ந்துகொண்டிருந்த மகள் இப்போது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போகிறாள். வழக்கு முடியாமல் அவரால் ஊருக்குப் போகவும் முடியாது, மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடவும் முடியாது.

விவாதம் தொடங்கியது. கேள்வி கேட்ட பெண் ஒவ்வொன்றாகக் கேட்க, அங்கிள் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லி, ஒரு விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வேட்பாளர் பேசி முடித்ததும் விரல் இறங்கும்.

"கேள்வி அது இல்லை."

"அங்க நிக்கிறவைக்கு உங்கட தமிழ் கேக்காது அண்ணை," என்றார் அப்பா.

பாதி நேரம் போனபின் அவர் காத்திருந்த கேள்வி வந்தது. அகதி வழக்குப் போட்டவர்கள் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்களே, அவர்களுக்கு எப்போது பதில் கிடைக்கும்?

"எப்ப எண்டு கேக்கிறா," என்று அங்கிள் முன்னால் சரிந்தார். விரல் உயர்ந்தது.

இடப்பக்கம் நின்றவர், இந்த நிலைமைக்கு மற்றவருடைய கட்சிதான் காரணம் என்று விளக்கினார். வலப்பக்கம் நின்றவர் தன்னுடைய பெற்றோர் பட்ட கஷ்டத்தைச் சொல்லி, தன் இதயம் எங்கே இருக்கிறது என்று மக்களுக்குத் தெரியும் என்றார். அடுத்த கேள்வி பெற்றோல் விலை பற்றியது. அங்கிளின் விரல் அந்தரத்திலேயே நின்றது.

"ரெண்டு பேரையும் எப்ப எண்டு கேட்டது. ரெண்டு பேரும் ஏன் எண்டு சொல்லீனம்," என்றவர் திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். "எனக்கு உதுக்குத்தான் ரிஜெக்ட் அடிச்சவங்கள், பிள்ளை. உவைக்கு வெள்ளை மாளிகை."

எனக்கு விளங்கவில்லை என்று கண்டு சொன்னார். பஃபலோவில் முதல் விசாரணையில் அதிகாரி அவரிடம் கேட்டது, வீட்டை விட்டு எப்போது வெளிக்கிட்டீர் என்று. அவர் ஏன் வெளிக்கிட்டார் என்று சொன்னார். ஷெல் விழுந்தது, பக்கத்து வீடு எரிந்தது, தகப்பனைக் கொண்டுபோனது எல்லாம் சொன்னார். அதிகாரி மீண்டும் எப்போது என்றார். அவர் மீண்டும் ஏன் என்று சொன்னார். கேட்பதற்கு ஒருவன் கிடைத்துவிட்டான் என்று அவருக்கு நினைப்பு. கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் நழுவுகிறார் என்று எழுதி வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

"மேன்முறையீட்டுக்கு வந்த லோயர் சொன்னவர், கேள்வியை வாயால ஒருக்காச் சொல்லிப்போட்டுப் பதிலைச் சொல்லும், அப்ப வழி தவறாது எண்டு. வழக்கு வெண்டது. வாய் நிக்கேல்லை."

நான் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அந்த வாயைத்தானே நான் பேசிக்காட்டித் திரிந்தேன்.

விவாதம் முடிந்து ரீவியில் யார் வென்றார் என்று அலசிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. மரியோவும் அங்கே பார்த்திருக்கிறார். அங்கிள் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, கேட்டனீங்களோ? ஒண்டுமே சொல்லேல்லை. உங்களுக்கு இந்த நாடு தெரியும். என்னை எப்ப கூப்பிடுவாங்கள் மாமா?"

"உது என்னெண்டால் தம்பி," என்று அங்கிள் தொடங்கினார். "அங்க நீதிபதிமார் காணாது. வழக்குகள் மலை மாதிரிக் குவிஞ்சுபோய்க் கிடக்கு. என்ர காலத்தில இப்பிடி இல்லை. அப்ப பஃபலோவில நான் சமையல் வேலை..."

அந்தக் கதை வெகுநேரம் ஓடியது. மரியோ "ஓம் மாமா, ஓம் மாமா" என்றார். போன் வைத்தாயிற்று. அப்பா கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். அங்கிள் போனைக் கையில் வைத்தபடியே என் பக்கம் திரும்பினார்.

"தனு, அந்தப் பெடியன் என்ன கேட்டவன்?"

"எப்ப எண்டு, அங்கிள்."

"நான் என்ன சொன்னனான்?"

"ஏன் எண்டு."

அவர் மரியோவைத் திரும்ப அழைத்தார். "தம்பி, எப்ப கூப்பிடுவாங்கள் எண்டு கேட்டனி. எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லுறன்." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

"ஆரிட்டக் கேக்கப் போறியள்?" என்றேன்.

"வோட்டுக் கேக்கிறவையிட்டத்தான். அவை என்னட்டக் கேக்கேக்குள்ள நான் அவையிட்டக் கேக்கக் கூடாதோ?"

அவர் சொல்லச் சொல்ல இரண்டு வேட்பாளர்களின் அலுவலகங்களுக்கும் நான்தான் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினேன். நான் இரண்டு பந்தி எழுத, அவர் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி, மருமகனின் நிலைமையை ஒரு வரியிலும் கேள்வியை ஒரு வரியிலும் வைக்கச் சொன்னார். இரண்டு இடத்திலிருந்தும் உடனே பதில் வந்தது. இரண்டிலும் அவருடைய ஆதரவுக்கு நன்றி சொல்லி, நன்கொடை கேட்டிருந்தார்கள்.

அவர் வாக்குப் போடமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் அதே வாரம் உறையை ஒட்டிக்கொண்டு வந்து, தபாலில் போடக் கூட்டிப்போகச் சொன்னார். காரில் கேட்டேன்.

"ஆருக்கு அங்கிள் போட்டனீங்கள்?"

"ஆருக்குப் போட்டனான் எண்டு கேக்கிறாய்." பிறகு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷெப்பர்ட் அவெனியூவில் சிவப்பு விளக்கு விழுந்து, பச்சையும் வந்தது. "ரெண்டு பேரும் பதில் சொல்லேல்லை எண்டதுக்காகக் கேள்வி கேட்டவன் எழும்பிப் போகேலாது, பிள்ளை. போனால் அந்தக் கேள்வி ஆருக்குச் சொந்தம்?"

அது என் கேள்விக்குப் பதில் இல்லை என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தபால்பெட்டிக்குள் உறை விழுந்த சத்தத்தை நின்று கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

தேர்தல் முடிந்தது. அதன் பிறகு அவர் ரீவியில் யார் பேசினாலும் விரலை உயர்த்திப் பிடித்தார். மரியோ அழைத்தால், "இன்னும் தெரியாது, கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்பார். வேறு கதை சொல்லமாட்டார். அந்த மாரிக்குளிரில் ஒருநாள் பின்னேரம், பக்கத்து நகரான அஜக்சில் தன் மகள் வீட்டுக்குப் போன இடத்தில், நெஞ்சு நோகுது என்று படுத்தவர் எழும்பவில்லை.

மரியோவால் எல்லை தாண்டி வர முடியவில்லை. வந்தால் திரும்பிப் போகமுடியாது. இறுதிச் சடங்கைப் பெற்றோல் நிலையத்தின் பின்னறையில் போனில் பார்த்தாராம். இரண்டு நாள் கழித்து எனக்கு அழைத்தார்.

"தங்கச்சி, மாமா ஒரு விஷயம் கேட்டுச் சொல்லுறன் எண்டவர். உங்களிட்ட ஏதும் சொல்லிவிட்டவரோ?"

அங்கிள் யாருக்கு வாக்களித்தார் என்பது எனக்குத் தெரியாமலே போகட்டும். அதை நான் கேட்டது வெறும் ஆவலில். மரியோ கேட்டது அப்படியல்ல. நீதிமன்றங்களின் தேக்கம் பற்றி, சட்டங்கள் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது நிறைய இருந்தது. எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது.

"மாமா ஏதும் சொன்னவரோ எண்டு கேக்கிறியள்," என்றேன். "இல்லை அண்ணா. சொல்லேல்லை."