செருப்பைக் கழற்றினால் வருகிற மாமா

எங்கள் மாமா இறந்து எட்டு மாதம் கழித்து எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் வந்து குடியேறினார். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் இதை ஓர் ஐப்பசி மாதம் முழுக்க நம்பினேன். நம்புவதற்கு என்னிடம் தக்க ஆதாரங்கள் இருந்தன. இப்போது யோசித்தாலும், அந்த வயதுக்கு என் ஆராய்ச்சி ஒன்றும் மோசமில்லை என்றுதான் தோன்றுகிறது.

மாமா என்றால் அப்பாவின் அக்காளைக் கட்டியவர். கூடலூரில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அவருக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. ஒரு நாள் காலையில், தண்ணீர் கசிந்து சொதசொதவென்று கிடந்த மோட்டார் ரூமுக்குள் வெறுங்காலோடு போய் ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைத்தார். அவ்வளவுதான். மத்தியானம் சாப்பாடு கொண்டுபோன அத்தைதான் முதலில் பார்த்தாராம். துக்கத்துக்கு வந்த பெண்கள், கரண்டு கொண்டுபோயிருச்சே என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். எங்கே கொண்டுபோனது என்று எனக்கு யாரும் விளக்கவில்லை. கம்பி வழியாகத்தான் கொண்டுபோயிருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

பிள்ளை இல்லாத அத்தையைக் காரியம் முடிந்த கையோடு அப்பா எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். அத்தை சமைத்தார், எனக்குத் தலை பின்னிவிட்டார், டிவி பார்த்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார், ஒரு நாளும் அழவில்லை. "மதினி மனசத் தேத்திக்கிட்டாக" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அப்பா ஜீப் ஓட்டினார். விடிந்தும் விடியாமலும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறி, கேரளத்து ஏலக்காய் எஸ்டேட்டில் விட்டு, மாலையில் திரும்பக் கொண்டுவருவார். அந்தப் பெண்களில் என் அம்மாவும் ஒருவர். அதனால் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ஜீப் சத்தம் கேட்கும்வரை வீட்டில் நானும் அத்தையும் மட்டும்தான்.

ஃபிரிட்ஜ் குமுளியில் ஒரு லாட்ஜிலிருந்து வந்தது. அவர்கள் புதிதாக ஒன்றை வாங்கிவிட்டுப் பழையதைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பா அகப்பட்டார். ஜீப்பின் பின்பக்கம் அதைப் படுக்கப் போட்டு, மேலே வெள்ளைத் துணி போர்த்திக் கயிற்றால் கட்டி, எஸ்டேட்டுப் பெண்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள, வளைவு வளைவாக இறக்கிக்கொண்டுவந்தார்கள். ஜீப் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது டீக்கடையில் இருந்த இரண்டு பேர் எழுந்து நின்று தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு ரொம்பக் கோபம் வந்தது.

"வீட்ல கொண்டுபோய் நேரே நிறுத்திவெச்சு, ஒரு நாள் கழிஞ்சு சுவிட்சு இட்டா மதி" என்று லாட்ஜுக்காரர் மலையாளம் கலந்து சொல்லியிருந்தார், போட்டால் போதும் என்று அர்த்தம். படுத்துவந்ததால் மோட்டாருக்குள் இருக்கும் எண்ணெய் கீழே இறங்க வேண்டுமாம். அப்பா அதை மட்டும் ஒழுங்காகக் கேட்டார். அடுப்படியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக ஒட்டி, ஒரு நாள் முழுக்க அது சும்மா நின்றது. நான் அடிக்கடி போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு இருந்துகொண்டு ஒன்றுமே செய்யாமல் நிற்கிற எதையும் நான் அதற்கு முன் வீட்டில் பார்த்ததில்லை.

மறுநாள் பிளக்கைச் சொருகப் போனால், அதற்கு மூன்று கால், எங்கள் சுவிட்சுப் பெட்டிக்கு இரண்டே ஓட்டை. அப்பா அசரவில்லை. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு கால் பிளக் ஒன்றை மாட்டினார். உள்ளே மூன்று வயர் இருந்தது. சிவப்பையும் கறுப்பையும் முறுக்கிவிட்டு, மிஞ்சிய பச்சை வயரை மடக்கி டேப் சுற்றினார்.

"அது எதுக்குங்க?" என்றார் அம்மா.

"அதுவா, கம்பெனிக்காரன் ஒண்ணு கூடுதலா வச்சிருப்பான். ரெண்டுலயே ஓடுதுல்ல, பெறகென்ன?"

ஓடியது. ஒரு தடவை உடம்பு முழுக்கக் குலுங்கிவிட்டு உறுமத் தொடங்கியது. அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்து, குழாயடியில் கால் கழுவிவிட்டு ஈரத்தோடு நேரே போய் ஃபிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்தேன். கைப்பிடி இரும்பு. விரலில் கட்டெறும்பு ஏறியதுபோல ஏதோ ஒன்று முழங்கைவரை ஓடியது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டு அத்தையைக் கூப்பிட்டேன்.

"அத்தே, இதத் தொட்டா ஜிவ்வுங்குது."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அத்தை வந்தார். ஈரக்கையை ஃபிரிட்ஜின் மேல் வைத்தார். நான் என்னைப்போல அவரும் கையை எடுத்துவிடுவார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. உள்ளங்கையை முழுக்கப் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார். புறங்கையில் ஒரு நரம்பு மட்டும் துடித்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "யார்ட்டயும் சொல்லாத ஆத்தா" என்றார்.

அன்றிரவு படுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை ஒன்றுதான் வந்தது. மறுநாள் கேட்டேன், "மாமாவா அத்தே?"

அத்தை என்னையே வெகுநேரம் பார்த்தார். "ஆமா" என்றார்.

அதன்பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு ஒத்துவந்தது. கரண்ட் போனால் மாமாவும் போய்விடுவார், வந்தால் குலுங்கிக்கொண்டு வருவார். எல்லாவற்றையும்விடப் பெரிய கண்டுபிடிப்பு செருப்பு. மழைநாளில் கொல்லைப்புறம் போய்விட்டு ரப்பர் செருப்போடு வந்து தொட்டால் ஒன்றுமே இல்லை. கழற்றிவிட்டுத் தொட்டால் ஜிவ்வென்று வருகிறார். செருப்புக் காலோடு நின்றால் சாமி வராது, செத்தவர்கள் மட்டும் எப்படி வருவார்கள் என்று எனக்குப் பட்டது. அம்மா கால்வெடிப்புக்காக அடுப்படியில் எப்போதும் செருப்புப் போட்டிருந்தார். ஆகவே மாமா அவரிடம் வரவில்லை. அப்பாவோ பிறந்ததிலிருந்து தன் கையால் தண்ணீர் எடுத்துக் குடித்தவரில்லை, ஃபிரிட்ஜைத் தொடுகிற வேலையே அவருக்கு இருந்ததில்லை. மாமாவின் வரவு இப்படி எங்கள் இரண்டு பேருக்குள்ளேயே நின்றது.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே தானாக விளக்கு எரியும், மாமா விழித்துவிட்டார் என்று நினைப்பேன். தட்டுகளில் கை விடாமல் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு மூடிவிடுவேன். மரியாதைக்கு ஸ்டூலில் ஏறி ஒரு துண்டு வெல்லம் ஃபிரிட்ஜின் தலையில் வைத்தேன், மறுநாள் எறும்பு மொய்த்து அம்மாவிடம் அடி வாங்கினேன். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, ஒற்றை விரலால் தொட்டு, கணக்குப் பரீட்சையில் வாங்கிய மார்க்கைச் சொன்னேன்.

அத்தை தினமும் மாலை நான்கு மணிக்குப் போய் நின்றார். கையைப் பதித்துக்கொண்டு மெதுவாக ஏதோ பேசுவார். "தோட்டத்துல பந்தக் கம்பி தொங்கிப்போச்சாம். குத்தகைக்காரன் கொடிய வெட்டிக் கவாத்துப் பண்ணலியாம்" என்று ஒருநாள் காதில் விழுந்தது. அத்தை பேசும்போது உறுமல் திடீரென்று நின்றது. அடுப்படியில் மழைச் சத்தம் மட்டும். ரொம்ப நேரம் கழித்து உடம்பைக் குலுக்கிக்கொண்டு மறுபடி உறுமியது. மாமாவும் அப்படித்தான், யார் பேசினாலும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

அந்த மாதம் மழை விடவே இல்லை. சுவரெல்லாம் ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மாமாவின் பலமும் கூடிக்கொண்டே வந்தது. முழங்கையோடு நின்றது தோள்வரை வந்தது. நான் தொடுவதை விட்டுவிட்டேன். அத்தை விடவில்லை. ஒரு நாள் நான் வந்தபோது, அத்தை ஒரு செம்பு தண்ணீரை ஃபிரிட்ஜுக்கு முன்னால் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தார். பிறகு அதில் இறங்கி நின்று, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தார்.

முகம் ஒரு பக்கமாகக் கோணியது. பல் கிட்டியது. விரல்கள் கைப்பிடியோடு இறுகி, அத்தையின் உடம்பும் ஃபிரிட்ஜும் சேர்ந்து உறுமுவதுபோல இருந்தது. "அத்தே, விடுங்க" என்று கத்தினேன். விடவில்லை. அவரால் விட முடியவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. மாமா கையைப் பிடித்துக்கொண்டார், கூடவே கொண்டுபோகப் போகிறார் என்று மட்டும் தெரிந்தது.

அந்த நொடியில் கரண்ட் போனது. மழைக்காலத்தில் கூடலூரில் அது தினமும் நடக்கிறதுதான். அத்தை பொத்தென்று தண்ணீரிலேயே விழுந்தார்.

நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். உள்ளங்கை ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. "ஒண்ணுமில்ல ஆத்தா, நீ அங்கிட்டுப் போ" என்றார். மூச்சு வாங்கியது. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை உயர்த்தி மறுபடியும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடி காத்திருந்தார். மழைமூட்டத்தில் அடுப்படி இருட்டாக இருந்தது. ஃபிரிட்ஜுக்குள் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

"கரண்டு வந்துருச்சான்னு பாரு ஆத்தா" என்றார், சோறு வெந்துவிட்டதா என்று கேட்கிற குரலில்.

என் செருப்பைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தேன். புறங்கையால் ஒதுக்கிவிட்டார். கரண்ட் வந்தால் மேலத்தெருப் பிள்ளைகள் 'ஓ'வென்று கத்துவார்கள், அடுத்த நிமிடம் எங்களுக்கு வந்துவிடும். நான் அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, வராமல் இருக்கவேண்டுமே என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். மேலத்தெருவில் 'ஓ'வென்று கத்தினார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, மாமா மன்னிச்சுக்கங்க என்று சொல்லி, பிளக்கைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

டியூப்லைட் இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. ஃபிரிட்ஜ் குலுங்கவில்லை. அத்தை மெல்லத் தலையைத் திருப்பி, பிளக்கும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

ஜீப் வந்ததும் தெருவிலேயே அப்பாவைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "பிரிட்ஜுக்குள்ள மாமா இருக்காக. அத்தையக் கொண்டுபோகப் பாத்தாக."

"ஏ புள்ள, என்ன கழுத பேச்சுப் பேசுற?" என்று சிரித்துக்கொண்டே அப்பா வாசலில் செருப்பைக் கழற்றினார். மழையில் நனைந்த காலோடு உள்ளே போனார். பிளக்கைச் சொருகினார். என் பேச்சைப் பொய்யாக்குவதற்காக, புறங்கையால் ஃபிரிட்ஜை ஒரு தட்டுத் தட்டினார். மறுநொடி தண்ணீர்த் தொட்டியில் போய் மோதி நின்றார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காளின் சிவந்த கையையே பார்த்தார்.

செல்லில் கூப்பிட்டு அரைமணி நேரத்தில் வயர்மேன் வந்தார். டெஸ்டரை ஃபிரிட்ஜின் மேல் வைத்தார், அது பளிச்சென்று எரிந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்.

"பச்ச வயர எங்கன வச்சிருக்க?"

"மடக்கி வச்சிருக்கேன்" என்றார் அப்பா, எஸ்டேட்டுப் பெண்களிடம் ஒருபோதும் பேசாத சின்னக் குரலில்.

"அதுதான்யா எர்த்து. பழைய மோட்டாரு கசியிற கரண்டு அது வழியாத்தான் மண்ணுக்குப் போகணும். நீ மடக்கி வச்சா, தொடுற ஆளு வழியாத்தான் போகும். அதுலயும் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல நிப்பாட்டியிருக்க. ஒரு வீட்ல ஒரு சாவு பத்தாதா?"

மறுநாள் வயர்மேன் கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் கம்பி இறக்கினார். சுவரில் மூன்று ஓட்டைப் பெட்டி வந்தது. ஃபிரிட்ஜைத் தொட்டியிலிருந்து விலக்கி, சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடம் விட்டு, கீழே பலகை போட்டு நிறுத்தினார்கள். அப்பா வெறுங்காலோடு பத்துத் தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, பெண்களைத் திரும்பக் கூட்டிவர எஸ்டேட்டுக்குக் கிளம்பினார்.

அன்று மாலை நான்கு மணிக்கு அத்தை வந்து உள்ளங்கையைப் பதித்தார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஃபிரிட்ஜ் உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. புறங்கை நரம்பு அசையவில்லை.

"மாமா போயிட்டாகளா அத்தே?"

"மாமா எங்கிட்டு வந்தாக? அது கரண்டு ஆத்தா."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்." கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். "அவுகளுக்கு எப்புடி இருந்துச்சோன்னு பாத்தேன். பக்கத்துல ஒரு ஆளு இல்லையே. எம்புட்டு நேரம் கெடந்து தவிச்சாகளோ, ஒரே நொடியில போயிருச்சோ. யாரைக் கேக்க?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தைக்காக அல்ல. ஒரு மாதமாக நான் செருப்பைக் கழற்றியதும், வெல்லம் வைத்து அடி வாங்கியதும், கணக்கு மார்க் சொன்னதும் வெறும் கரண்டிடமா? மாமாவா என்று கேட்டபோது ஆமாம் என்று சொன்னவர் இவர்தானே? என்னை ஏமாற்றிவிட்டார் என்ற ஆத்திரத்தில் அத்தையோடு காய் விட்டேன். தலை பின்னிவிடக் கூப்பிட்டபோது போகவில்லை. இரண்டு நாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அத்தை கொல்லைப்புறத்தில் தரையில் கிடந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்ததற்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, போனால் போகிறதென்று பக்கத்தில் போய் உட்கார்ந்து பழம் விட்டேன்.