மாமனார் நாற்காலிக்குப் பச்சை பெயிண்ட்

மாமனார் இறந்த பிறகு, தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் கிடந்த அவருடைய பிரம்பு நாற்காலியில் யாரையும் உட்கார என் வீட்டுக்காரர் விடவில்லை. பிரம்பு அறுந்து தொங்கியது. அதில் மூட்டைப்பூச்சி அடைந்து, கைக்குழந்தையின் முதுகெல்லாம் கடித்துத் தடித்திருந்தது.

ஒருநாள் அவர் மில்லுக்குப் போனதும் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு, கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். மாமாவின் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்த கைப்பிடி வெளுத்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. இனி நிறுத்தியும் பயனில்லை. பக்கத்து வீட்டில் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயிண்டை வாங்கிப் பூசி வெயிலில் வைத்தேன். கிழிந்த சேலைகளைக் கயிறாக முறுக்கி இருக்கையைப் பின்னினேன்.

சாயங்காலம் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரைக் கேட்டுச் செஞ்ச?"

"கேட்டா விட்டிருக்க மாட்டீங்க. பிள்ளை முதுகைப் பாருங்க."

அவர் கைப்பிடியை விரலால் தடவினார். தூக்கித் தெருவில் எறியப்போகிறார் என்று நினைத்துப் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டேன். அவர் இருக்கையை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"அவனை இங்க தா" என்றார். பிள்ளையை வாங்கக் கைகளை நீட்டினார்.