இரண்டு லேசர், ஒரே நடுக்கம்

முன் சீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் ஒரே போனிலிருந்து ஆளுக்கொரு காதில் இயர்போன் மாட்டியிருந்தார்கள். பஸ் உடையார்பாளையம் தாண்டியதும் பாட்டு சிக்னல் இல்லாமல் நின்றிருக்க வேண்டும். இருவரும் ஒரே நொடியில் முகம் சுளித்தார்கள், ஒரே நொடியில் மறுபடி தலையாட்டினார்கள். ஒருத்தியைப் பார்த்தாலே போதும், இன்னொருத்திக்கு என்ன கேட்கிறது என்று சொல்லிவிடலாம்.

எங்கள் இரண்டு லேசர்களும் அப்படித்தான் இருந்தன.

எங்கள் புரொஜெக்ட் முழுக்க கம்ப்யூட்டருக்குள் நடப்பது. கண்ணாடி ஃபைபரில் போகும் ஒளி அலையைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று நாலு நிலைகளில் திருப்பி, ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு பிட் தகவல் ஏற்றி அனுப்புகிறோம். வாங்கும் முனையில் இன்னொரு லேசர் இருக்கும். வந்த அலை எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அதோடு ஒப்பிட்டுத்தான் படிக்க முடியும். நிஜத்தில் எந்த லேசரும் ஆடாமல் நிற்காது. இரண்டும் தன் தன் போக்கில் நடுங்கும். அந்த நடுக்கத்தைக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் நாங்கள் எழுதிய புரோகிராம். விடை ஒரு படமாக வரும்; திருத்தம் சரியென்றால் நாலு நிலைக்கும் நாலு புள்ளி. எங்கள் படத்தில் நாலு புள்ளிகள், ஊசியால் குத்தியது போல.

அந்தப் படத்தை நம்பித்தான் எல்லாமே. அன்று பத்து மணிக்குக் காலேஜில் கடைசி ரிவ்யூ. முதலிடம் பிடிக்கும் குழுவுக்குச் சென்னையில் ஒரு ஒளியியல் ஆய்வகத்தில் இரண்டு மாதம் வேலை பார்க்க இடம். நிஜ லேசரை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

மடியிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். நாலு மாதத்துக்கு முன், ஒவ்வொரு முறையும் ஒரே விடை வந்தால் பிழை தேட வசதியாக இருக்குமே என்று, நடுக்கத்துக்காகக் கம்ப்யூட்டர் போடும் தற்செயல் எண்கள் எப்போதும் ஒரே இடத்திலிருந்து தொடங்கும்படி ஒரு வரி எழுதியிருந்தேன். எழுதிய இடம் நடுக்கத்தை உண்டாக்கும் பகுதிக்குள்ளேயே. லேசருக்கு லேசர் எண்கள் மறுபடி முதலிலிருந்தே தொடங்கின; அதனால் அனுப்பும் லேசருக்கும் வாங்கும் லேசருக்கும் அச்சு அசலாக ஒரே நடுக்கம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம். அந்த வரியை அழித்துவிட்டு ஓடவிட்டேன். முடிய நாற்பது நிமிஷமாவது ஆகும். பேட்டரியில் முப்பத்தொரு சதவீதம்.

அரியலூரில் என் புரொஜெக்ட் கூட்டாளி ஏறினாள்.

"நகந்து உக்காருடி. என்ன, பிட்டோட மாட்டுன மாதிரி முழிக்கிற?"

"நாலு புள்ளிப் படம் தப்பு."

"காலங்காத்தால வெளாடாத."

சொன்னேன். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப நம்ம திருத்தற புரோகிராம்?"

"திருத்த ஒண்ணுமே இல்லடி. சும்மா உக்காந்திருந்திருக்கு."

"நாலு மாசமா?"

"நாலு மாசமா."

"யாரு எழுதுன வரி?"

"நான்தான்."

வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நின்றன. பஸ் ஊர்ந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள்: "ரிவ்யூ பண்ண உக்காந்திருக்கிற மூணு பேருக்கும் இது தெரியப்போறதில்ல. மெட்ராஸ் போயி சரிபண்ணிக்கலாம்."

"அங்க இருக்கிறது நெஜ லேசர். நாம சொன்னபடி நடுங்காது."

"அதத்தான் நானும் சொல்றேன். போனாத்தானே பாக்க முடியும்?"

எனக்கும் போக வேண்டும் என்றுதான் இருந்தது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது ஓட்டம் முடிந்தது. பேட்டரி ஆறு. திரையில் புள்ளிகளே இல்லை. நாலும் கரைந்து ஒரு வளையல் மாதிரி வட்டமாகியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், மூடினாள், இறங்கி நடந்தாள்.

ரிவ்யூவில் பேசுவது அவள், ஸ்லைடு தள்ளுவது நான் என்று முன்பே பிரித்திருந்தோம். அறிமுகம், ஃபைபர், லேசர் என்று தடுக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். நாலு புள்ளிப் படம் வந்தது. மூன்று பேரில் நடுவில் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் சாய்ந்தார்.

"ரொம்ப கிளீனா இருக்கேம்மா."

வாயைத் திறப்பதா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள்: "ஆமாங்க சார். அதனாலதான் இது தப்பு. ரெண்டு லேசருக்கும் ஒரே நடுக்கத்தக் குடுத்திருக்கோம். காலையிலதான் கண்டுபிடிச்சோம். சரியான படத்துல ஒரு வட்டம்தாங்க வருது."

"அப்ப உங்க திருத்தம் வேலை செய்யல?" என்றார் அவர். "இன்னைக்கு வரைக்கும் இல்லீங்க சார்."

மதியத்துக்குள் முடிவு ஒட்டிவிட்டார்கள். கேமரா வைத்துச் சின்ன வெங்காயத்தைத் தரம் பிரிக்கும் குழுவுக்குச் சென்னை.

கேன்டீனில் சாப்பிட்டோம். கை கழுவும்போது கேட்டேன், "நீ எதுக்குடி சொன்ன?"

"உம் மூஞ்சி போன போக்குக்கு, நீயே உள்ள பூந்து அழுது கொழப்பியிருப்ப. நான் சொன்னதால மூணு வரியோட முடிஞ்சுது." பிறகு கையை உதறிக்கொண்டே, "லேப் தொறந்திருக்குமா?" என்றாள்.

திறந்திருந்தது. எங்கள் புரோகிராம் நீண்ட நேரத்துக்குச் சராசரி எடுத்துத்தான் நடுக்கத்தைக் கணக்கிடுகிறது. நடுக்கமே இல்லாத சோதனையில் நீளம் கூடக்கூட விடை அழகாகத்தான் தெரிந்தது. அதனால் கூட்டிக்கொண்டே போயிருந்தோம். நிஜமாகவே நடுங்கும்போதோ, அந்த நீளத்துக்குள் நடுக்கம் பலமுறை மாறிச் சராசரியில் கரைந்துவிடுகிறது. இப்போது குறைத்தோம். சாயங்காலம் வட்டம் உடைந்து நாலு திட்டுகளாகப் பிரிந்தது. அவள் என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அனுப்பிய பிட்டுகளையும் வந்த பிட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பாதி வரை சரி. அதற்கப்புறம் எல்லாமே தப்பு. எங்கோ ஓரிடத்தில் புரோகிராம் கால் சுற்று வழுக்கி, பக்கத்துப் புள்ளியையே சரியான புள்ளி என்று நம்பிவிட்டிருக்கிறது. படம் அழகாக இருக்கிறது, தகவல் செத்துவிட்டது. மறுபடியும் ஒரு படம் எங்களை ஏமாற்றப் பார்த்தது.

இது நடந்து மூன்று நாளாகிறது. இனி தகவலை அலையின் நிலையில் வைக்காமல், ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் உள்ள வித்தியாசத்தில் வைத்து அனுப்பிப் பார்க்கப்போகிறோம். அப்போது எங்காவது வழுக்கினாலும் அந்த ஓர் இடத்தோடு சேதம் நின்றுவிட வேண்டும். நின்றால், வட்டத்தையும் புதுப் படத்தையும் பிழை எண்ணிக்கையையும் சேர்த்துச் சென்னை ஆய்வகத்துக்கே எழுதி, இரண்டு மாதம் வேண்டாம், ஒரே ஒரு நாள் உள்ளே விடுவீர்களா என்று கேட்பதாக இருக்கிறோம். கடிதத்தை அவள் எழுதுகிறாள். தற்செயல் எண்களை நான் இன்னொரு தடவை சரிபார்க்கிறேன்.