நாலாவது ஆணி

இது ராத்திரியில் நடந்ததல்ல. பட்டப்பகலில், ராயபுரத்தில், என் வீட்டுப் படுக்கையறையில் நடந்தது. 1952, ஜூலை. நம்பாதவர்கள் என் இடது புருவத்துக்கு மேலே உள்ள தழும்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அது ஒரு சின்னச் சிக்கல்தான். அலமாரிக் கதவில் நான் நாலு ஆணி முடுக்குவேன். மறுநாள் மதியம் மூன்று ஆணி தரையில் கிடக்கும். நாலாவது இம்மியும் அசைந்திருக்காது. அது ஏன் மூன்று?

சுவருக்குள் பதித்த, ஆள் உயர அலமாரி அது. குடிவந்த நாள் முதல் கதவு சாத்தி நிற்காது. தானே திறக்கும். கிழிந்த மெத்தை, டிரங்குப் பெட்டி, உடைந்த அரிக்கேன் விளக்கு, ரேஷன் பைகள் எல்லாம் சரிந்து வெளியே வரும். என் மனைவி சிவந்திக்கு அப்போது ஏழாம் மாதம். டிரங்குப் பெட்டி அவள் மேல் விழுந்தால் என்ன ஆகும்? அதனால்தான் பட்டறையில் நானே ஓர் இரும்புக் கொண்டி அடித்து வந்தேன்.

அது வேலை செய்யும் விதம் எளிது. கொண்டியின் நாக்கைச் சரிவாகச் சீவியிருந்தேன். கதவைச் சாத்தினால் நாக்கு, கதவு நிலையில் உள்ள வளையத்தின் மேல் ஏறி, தன் எடையாலேயே உள்ளே விழுந்துவிடும். கையால் தூக்கினால்தான் திறக்கும். அதைக் கதவின் வெளிப்பக்கம் நாலு திருகாணியால் பொருத்தினேன். பலகை ஒரு அங்குலம். கையில் இருந்த ஆணியோ ஒன்றே கால் அங்குலம். முனைகள் உள்பக்கம் எட்டிப் பார்த்தன. போகட்டும் என்று விட்டேன்.

செவ்வாய் மதியம் 2:40. நைட் ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தேன். டிங்... டிங்... டிங்... மூன்று ஆணி.

மரம் ஒட்டும் வஜ்ரப் பசை தடவி மறுபடி முடுக்கினேன். புதன், அதே 2:40. மூன்று ஆணி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பதினோரு வருடம் பிட்டராக இருப்பவனை ஒரு கதவு கேலி செய்கிறது!

“நீதான கழட்டுற?” என்று சிவந்தியிடம் கத்தினேன்.

“ஆமா, எனுக்கு வேற வேல இல்ல பாரு. உன் ஆணிய போட்டு கொழம்பு வைக்கப் போறேன்.”

ஆணிகளை வெளிச்சத்தில் பார்த்தேன். திருப்புளி போட்டுக் கழற்றியிருந்தால் தலையில் புதுக் கீறல் இருக்கும். கீறல் இல்லை. முனைகள்தான் பளபளத்தன... பல காலம் விரல் பட்டுத் தேய்ந்ததுபோல.

வியாழக்கிழமை ஆணிகளை மறுபடி முடுக்கிவிட்டு, உள்பக்கத்தைப் பார்க்க அலமாரியை முழுவதும் காலி செய்யச் சொன்னேன். எல்லாவற்றையும் வெளியே போட்டுவிட்டு, கீழ்த்தட்டில் தூளித் துணி அடுக்க சிவந்தி உள்ளே போய்க் குந்தினாள்.

“பேரு மட்டும் பிட்டரு. ஒரு கதவ நிறுத்தத் துப்பில்ல. எங்க அண்ணன கூப்ட்டா பத்து நிமிசத்துல முடிச்சிருப்பான்” என்றாள்.

கதவை ஓங்கி அறைந்து சாத்தினேன். அவள் உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். அதை மறைக்க மாட்டேன்.

கொண்டி விழுந்தது.

“கெட உள்ளயே!”

ஒரு நிமிடம் பயப்படட்டும் என்று நின்றேன். 2:34-க்குக் கொண்டியைத் தூக்கினேன். வரவில்லை. அறைந்த வேகத்தில் நாக்கு வளைந்து வளையத்தில் சிக்கியிருந்தது. ஆணியைக் கழற்றலாம் என்றால், உள்பக்கத்தைப் பார்த்தபோது நான் கீழே வைத்த திருப்புளி உள்ளே, அவள் காலடியில்.

“யோவ்... தொறய்யா. மூச்சு முட்டுது.”

“இரு, இரு!”

அரிவாள்மனையைக் கொடுத்து நெம்பினேன். முனை உடைந்தது. கடப்பாரை கேட்டுப் பக்கத்துப் போர்ஷனுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. திரும்பி வந்தேன்.

2:38. சிவந்தியின் குரல் நின்றுவிட்டது.

பிறகு ஒரு சத்தம். கர்... கர்... பலகையில் நகம் உரசும் சத்தம்.

சிவந்தி கீழே குந்தியிருக்கிறாள். சத்தம் என் நெஞ்சு உயரத்தில் வந்தது.

2:40.

முதல் ஆணி தானாகச் சுற்றியது. என் கண்முன்னால்.

டிங்.

இரண்டாவது. டிங்.

மூன்றாவது...

டிங்.

நின்றது. கொண்டி ஒற்றை ஆணியில் தொங்கியபடி கதவைப் பிடித்திருந்தது.

“தப்புதான்... அவள வுட்டுடு” என்றேன். யாரிடம் சொன்னேன்?

கர்...

நாலாவது ஆணி அசைந்தது.

மெதுவாக.

மிக மெதுவாக.

பிறகு தெறித்து என் புருவத்தில் பாய்ந்தது.

கதவு திறந்தது. சிவந்தி இரண்டு கையாலும் வயிற்றை அணைத்தபடி சுருண்டு கிடந்தாள். மூச்சு இருந்தது. விரல்களில் ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள்.

“அந்தக்கா எங்க?”

“எந்தக்கா?”

“வயித்த புடிச்சுக்கோ, நான் பாத்துக்கறேன்னு சொல்லுச்சே...”

சாயங்காலம் பக்கத்துப் போர்ஷன் வியாகுலம்மாள் கோயிலிலிருந்து வந்தாள். என் நெற்றியில் கட்டிய துணியையும் அலமாரியையும் பார்த்தாள்.

“சொல்லக்கூடாதுன்னு இருந்தேன், நைனா. நாப்பத்திரெண்டுல, ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு ஊரே காலியாச்சே, அப்போ இந்த வூட்ல ஒரு புருசன்காரன். சண்டை போட்டு பொண்டாட்டிய இதுக்குள்ள தள்ளி கொண்டிய போட்டுட்டு வெளிய போய்ட்டான். மத்தியானம் ரெண்டு நாப்பதுக்கு அபாயச் சங்கு ஊதுச்சு. பாவி, அப்டியே ரயிலேறிட்டான். தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. இருவது நாள் கழிச்சுத்தான் தொறந்தாங்க.”

நான் தரையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கினேன்.

“அவ சும்மா குந்திகினு சாவல. உள்ள நீட்டிகினு இருந்த ஆணி முனைய வெரலாலயே திருகிக்கீறா. மூணு ஆணி வெளிய கெடந்துச்சு. ஒண்ணுதான் பாக்கி.”

உள்ளிருந்து திருகினால் திசை மாறிவிடும். வலப்பக்கம் திருகினால்தான் ஆணி கழலும். இருட்டில் அவள் முதலில் எந்தப் பக்கம் திருகியிருப்பாள்? அவளே இன்னும் இறுக்கியிருப்பாளோ? அந்த நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

மறுநாள் கொண்டியின் நாக்கை நிமிர்த்தினேன். அதையும் வளையத்தையும் கதவின் உள்பக்கத்துக்கு மாற்றி, வெளியே முனை நீட்டாத முக்கால் அங்குல ஆணிகளால் முடுக்கினேன். காலி அலமாரியை வெளியிலிருந்து சாத்தினேன். நாக்கு தானே விழுந்தது. இனி உள்ளே இருப்பவர் தூக்கினால்தான் கதவு திறக்கும். அதன் பிறகு ஓர் ஆணியும் விழவில்லை.