லோடு போகாத ஊர்

விடுமுறைக்கு எந்த ஊருக்குப் போகலாம் என்று இன்றும் ஆட்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். முப்பது வருடம் தாலுகா ஆபீஸில் இருந்தவன், ஈட்டிய விடுப்புக்கு எழுதுவதிலிருந்து தலைமையிடத்தை விட்டுச் செல்ல அனுமதி வாங்குவது வரை எல்லா முறையும் அறிந்தவன், ஊர்களையும் அறிந்திருப்பான் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. என் வாழ்நாளில் நான் முறைப்படி ஆராய்ந்து தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு ஊர்தான். அங்கே எனக்கு ஒரு முன்பல் போயிற்று. என் தங்கையின் கணவருக்கு மண்டை உடைந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. தங்கையைச் சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். சித்திரை மாதத்து மதியம் ஒன்றில் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனாள். மருந்து அடைக்கும் ஷெட்டுக்கு இருபது அடி தள்ளி அவள் நின்றபோது ஷெட் வெடித்தது. உள்ளே நான்கு பெண்கள். ஒருத்தி மட்டும் வாசல் வரை வந்துவிட்டாள். தங்கை அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். வெந்த கிழங்கின் தோல்போல அந்தக் கையின் தோல் கழன்று இவள் கைக்கு வந்தது. ஆள் உள்ளேயே விழுந்துவிட்டாள். மாப்பிள்ளை அந்த நேரம் ஆர்டர் பற்றிப் பேச முதலாளி அறைக்குப் போயிருந்ததால் பிழைத்தார். நான்கு பேரின் மரண விசாரணைக் கோப்பையும், கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற காரணத்தால், நான்தான் படி எடுத்தேன்.

அந்த வருடத் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் தலைதீபாவளி. புது மருமகன் எண்ணெய்த் தலையோடு தெருவில் நின்று ஒரு சரத்தைக் கொளுத்தினார். தங்கை அடுப்படியிலிருந்து ஒரு விறகை உருவிக்கொண்டு ஓடி அவர் மணிக்கட்டில் போட்டாள். அடுத்த அடி தோளில். மூன்றாவதை மாமனார் வாங்கிக்கொண்டார். தடுக்கப்போன தன் புருஷனின் கட்டைவிரலை எலும்பு தெரியக் கடித்தாள். நான் விருதுநகரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, கிணற்றுக் கயிற்றால் அவளைத் தூணோடு கட்டி வைத்திருந்தார் மாப்பிள்ளை. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. நான் அவரை அறைந்தேன். தங்கை புருஷனை அறைய எங்கள் பக்கத்தில் எந்த விதியும் இடம் தருவதில்லை. அவரும் திருப்பி அடித்தார். முற்றத்தில் இருவரும் கட்டி உருண்டோம்.

"அண்ணே, அடிக்காதீக! அவுக கை புண்ணு!" என்று தூணிலிருந்து கத்தினாள் அவள்.

அவளை விருதுநகருக்கு அழைத்து வந்துவிட்டேன். ஒரு வருடத்தில் என் மனைவியின் முன்கையில் இரண்டு தழும்பும் என் முதுகில் ஒன்றும் சேர்ந்தன. லாரி டயர் வெடித்தால் போதும். சத்தம் அடங்கியதும், அடித்தது தான்தான் என்ற நினைப்பே இல்லாதவள்போல மஞ்சள் அரைத்துப் பற்றுப் போடுவாள்.

அடுத்த புரட்டாசியில் மாப்பிள்ளை வந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு உட்காராமலே பேசினார்.

"மச்சான், ஊருல ஒரே பேச்சாப் பேசுதாக. அவள கீழ்ப்பாக்கத்துல சேத்துருவோம். மனு எழுதிக் குடுங்க. ஒங்களுக்குத்தான் முற தெரியும்."

முறை தெரியும்தான். கணவரின் மனு, இரண்டு டாக்டர்களின் சான்று, மாஜிஸ்திரேட்டின் உத்தரவு. உள்ளே அனுப்புவதற்கு இவ்வளவு போதும். வெளியே அழைத்து வர என்ன வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் பேனாவை எடுக்கவில்லை.

"தீபாவளி கழியட்டும் மாப்ளே. அன்னைக்குச் சத்தமில்லாத ஊராப் பாத்து கூட்டிட்டுப் போவோம். நீங்களும் வாங்க. அங்கனயும் கை நீட்டுனா எழுதுறேன். நீட்டலன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் தலையசைத்தார்.

இப்படித்தான் நாங்கள் உல்லாசப் பயணத்துக்கு ஊர் தேட ஆரம்பித்தோம். பிறர் அருவியும் கோபுரமும் பார்த்து ஊரை முடிவு செய்வார்கள். நாங்கள் பார்த்தது மாப்பிள்ளையின் கம்பெனி லோடு ரிஜிஸ்டர். எந்த ஊருக்கு எத்தனை பெட்டி, எந்த லாரி, எந்தத் தேதி என்று எல்லாம் அதில் இருக்கும். தீபாவளிச் சீசனில் எந்த ஊருக்குச் சரக்கு போகவில்லையோ அந்த ஊர் அமைதியான ஊர். அரசாங்கத்தில்கூட இவ்வளவு தெளிவான விதியை நான் பார்த்ததில்லை.

முதலாளிக்குத் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ரிஜிஸ்டரை வேட்டிக்குள் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"குத்தாலம்?" என்றேன்.

"தென்காசிக்கு மூணு லோடு. அருவிச் சத்தத்துல கேக்காதுன்னு நெனச்சீகளா?"

"கொடைக்கானல்?"

"எஸ்டேட் துரைமாருக்கு ஸ்பெசல் ஆர்டர். எல்லாம் யானை வெடி."

"காசிக்கே போயிருவோம். செலவு போகட்டும்."

"மச்சான், வடக்க பேர எடுக்காதீக. நாம இங்கன ஒரு நாள் வெடிக்கோம். அவென் அஞ்சு நாள் வெடிக்கான். கல்கத்தாவுக்கு மட்டும் எம்புட்டுன்னு பாருங்க." கட்டைவிரலால் பக்கத்தைத் தேய்த்துக் காட்டினார். அந்த விரலில் பல்தடம் கருத்திருந்தது.

ராமேசுவரம் அடிபட்டது. திருச்செந்தூர் அடிபட்டது. மைசூருக்குப் போன லாரி அந்த வாரம்தான் திரும்பியிருந்தது. நாங்கள் தேசம் முழுவதையும் நாசப்படுத்தியிருக்கிறோம் என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். கடைசியில் மலையாளப் பக்கம் மிஞ்சியது. அங்கே சித்திரை விஷுவுக்குத்தான் வெடி வாங்குவார்கள். ஐப்பசியில் ஒரு பெட்டிகூடப் போகாது. ஷோரனூருக்கு அப்பால் ஒரு சிறிய ஊரை விரல் வைத்துக் காட்டினார் மாப்பிள்ளை. ரயில் ஸ்டேஷன் உண்டு, ஒரு லாட்ஜும் உண்டு என்று லாரி டிரைவர் ஒருவன் சொல்லியிருந்தான்.

பத்து நாள் ஈட்டிய விடுப்புக்கும், மாநிலத்துக்கு வெளியே போவதற்கும் தனித்தனியே அனுமதி வாங்கினேன். காரணம் என்ற இடத்தில் 'இயற்கைக் காட்சி' என்று எழுதினேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் இருட்டும் வேளையில் மூவரும் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலையில் அந்த ஊரில் காக்கை கத்தியது, யாரோ துணி துவைத்தார்கள், அவ்வளவுதான். தங்கை எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். லாட்ஜ்காரர் புட்டும் கடலையும் அனுப்பினார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மாப்பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலோரம் நின்று மீசையைத் தடவினார்.

"பாத்தீகளா மச்சான்? நம்ம சரக்கு போகாத ஊருல நாய்கூடக் கொரைக்காது."

முதல் வெடி அப்போதுதான் கேட்டது.

பட்டாசுச் சத்தம் இல்லை அது. தரை குதித்தது. தங்கை கையிலிருந்த பித்தளை டம்ளர் என் வாயில் வந்து இறங்கியது. கீழே விழுந்த பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வெடித்தது; அவள் என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினாள். "மாப்ளே, பிடிங்க!" என்று கத்தினேன். மாப்பிள்ளை அறையில் இல்லை.

அந்தப் பக்கத்துக் கோயில்களில் வெடி ஒரு நேர்த்திக்கடன். இரும்புக் குழாயில் கருமருந்தை அடைத்து, செங்கல்பொடியை இட்டு இடித்து, வேண்டிக்கொண்டவர் பேரால் வெடிப்பார்கள். மருந்தை அவர்களே இடித்துக்கொள்கிறார்கள். அதை எந்த ரிஜிஸ்டரிலும் யாரும் எழுதுவதில்லை. உலகத்தில் எழும் சத்தமெல்லாம் சிவகாசியிலிருந்து லாரி ஏறித்தான் போகிறது என்று எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவன் நம்புவான்?

ஜன்னல் வழியே பார்த்தேன். மாப்பிள்ளை எதிரே இருந்த கோயிலின் மதிலோரம் ஓடிக்கொண்டிருந்தார், சத்தம் வந்த திசையை நோக்கி. வெடிக்காரனின் கழுத்தை இடது கையால் நெரித்துக்கொண்டு, மருந்து இடிக்கும் கம்பியால் அவன் தோளில் அடித்தார்.

"சொல்லிட்டு வைக்க மாட்டியாலே! கொரல் குடுத்துட்டு வைக்க மாட்டியா! ஆளு நிக்குது, பொம்பளையாளு நிக்குது, கொரல் குடுக்கத் தெரியாதாலே!"

எங்கள் ஊர்க் கம்பெனிகளில் சோதனைக்கு ஒன்றைக் கொளுத்தும் முன்பு ஆள் உரக்கக் குரல் கொடுப்பான். அதன் பிறகே தீ. அந்தச் சித்திரை மாத மதியத்தில் யாரும் குரல் கொடுக்கவில்லை. கொடுக்க அவகாசமில்லை. ஒன்றரை வருடமாக இந்த மனிதர் அந்த மதியத்தைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தது எதற்காக என்று அந்த ஜன்னலில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை அவரைக் கல் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஐந்தாறு பேர் கூடி அவரை அடிக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் கம்பியைப் பிடுங்கி மண்டையில் இறக்கினான். நான் படியிறங்கும்போது தங்கை என்னைத் தள்ளிக்கொண்டு முன்னே போய்விட்டாள். கூட்டத்துக்குள் அவள் நுழைந்ததை ஊர்க்காரர்கள் முதலில் கவனிக்கவில்லை. பிறகு நன்றாகவே கவனித்தார்கள். ஒருவனுடைய காதைக் கடித்தாள். ஒருவன் முகத்தை நகத்தால் கிழித்தாள். கீழே கிடந்த புருஷன்மேல் கவிழ்ந்து விழுந்து, "எடுங்கலே கைய! இன்னொரு அடி விழுந்துச்சு, கொன்னுருவேன்!" என்று கூவினாள். பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்து அவர்கள் விலகினார்கள்.

கோயில் மதிலை ஒட்டியிருந்த போலீஸ் ஸ்டேஷனில் என் வேலை எளிதாக இருந்தது. இரு தரப்பிலும் காயம். வழக்குப் போட்டால் இரு தரப்பும் அலைய வேண்டும். சமரசமாக எழுதி வாங்கிவிடலாம் என்று வாயில் துணியை அடைத்துக்கொண்டு எடுத்துச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் தமிழ் தெரிந்தவர். சம்மதித்தார். வெடிக்காரனும் சம்மதித்தான், ஒரு நிபந்தனையோடு. நேர்த்தி இருபத்தொரு வெடி. இரண்டுதான் ஆகியிருக்கிறது. பாதியில் நிறுத்தினால் வேண்டிக்கொண்டவருக்கு ஆகாது. மிச்சத்தை உடனே வெடித்தாக வேண்டும்.

தங்கை வராந்தா பெஞ்சில் மாப்பிள்ளையின் தலையைத் தன் சேலை முந்தியால் அழுத்திப் பிடித்திருந்தாள். சேலை நனைந்து மடியில் சொட்டியது.

"மிச்சம் எத்தனண்ணே?"

"பத்தொம்பது."

"கொரல் குடுத்துட்டு வைக்கச் சொல்லுங்க."

அந்த ஆள் ஒப்புக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மதிலுக்கு மேல் அவன் குரல் நீளமாக எழுந்தது. பிறகு தரை குதித்தது. ஒவ்வொரு முறையும் அவள் மாப்பிள்ளையின் முன்கையைப் பற்றி நகங்களை அழுத்தினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்து நெரித்தார். மறுநாள் அந்தத் தோள் நீலம் பாரித்திருந்தது. ஒன்பதாவதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

"மச்சான், அந்த மனு."

"சொல்லுங்க."

"எழுதுறதா இருந்தா எம் பேரையும் சேத்து எழுதுங்க."

"ஒரு மனுவுல ரெண்டு பேரச் சேக்க முடியாது மாப்ளே. விதி இல்ல."

"அப்பம் விடுங்க. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறோம்."

மதிலுக்கு அப்பால் அடுத்ததற்குக் குரல் எழுந்தது. தங்கை அவர் கையைத் திருப்பி, இன்னும் கிழியாத இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.