இடது பக்கத்து பிரேக்

எங்கள் பழைய காரை அவனியாபுரம் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்து நாலு நாளாகிறது. பிரித்துப் பாகம் பாகமாக விற்கப்போகிறார்கள். கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டு நின்றேன். மெக்கானிக், இடது முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் கிடந்த ரப்பர் மேட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். அதில் என் முன்பாதம் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

"அண்ணே, இது டிரைவிங் ஸ்கூல் வண்டியாண்ணே?"

"இல்லையே."

"பெறகு இந்தப் பக்கம் எதுக்குண்ணே பிரேக்கு?" என்றவர், குனிந்து அதைத் தேடவே ஆரம்பித்துவிட்டார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டிகளில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். எங்கள் வண்டியில் அது கிடையாது. நான்தான் இருந்தேன்.

மேட்டிலிருந்து பழைய ரப்பரும் ஈரமும் கலந்த வாசனை வந்தது. கூடவே புளியோதரை வாசனையும் வந்ததாக என் மூக்கு சொன்னது. பதினெட்டு வருடம் கழித்து அப்படி வர வாய்ப்பில்லை. பத்திரிகையில் இருந்தபோது இப்படிப்பட்ட சாட்சியத்தை நான் அடித்துவிடுவேன்.

அந்தப் புளியோதரை, அப்போது ஒரு நீண்ட கார்ப் பயணத்துக்காக என் மனைவி விஜயா கட்டியது. அவள் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். நான் அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் காளைக்கு என்ன மரியாதையோ, அது அவர்கள் வீட்டில் புளியோதரைக்கு உண்டு. வீட்டுக்குள் அவர்களுக்குத் தனி மொழி. எப்போதோ குஜராத்திலிருந்து புறப்பட்டு, தலைமுறை தலைமுறையாக நகர்ந்து மதுரைக்கு வந்து சேர்ந்தவர்கள். அந்த வழியில் திரும்பிப் போய் அங்குள்ள கடலில் கால் நனைக்க வேண்டும் என்பது விஜயாவின் ஆசை. காரில், முழுக்கத் தானே ஓட்டிப் போக வேண்டும்.

எனக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளப் போன மூன்றாம் நாளே வாத்தியார் மிகுந்த பணிவோடு, "சார், நம்ம ஊர்ல பஸ் வசதி நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

ஓட்டத் தெரியாதது பெரிய குறை இல்லை. விபத்துச் செய்தி எழுதத் தெரிந்ததுதான் குறை. பல வருடம் ஒரு நாளிதழில் மாவட்டச் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கரூர்ப் பாலம், கிருஷ்ணகிரி மேடு என்று நான் போகாத ஊர்களெல்லாம் எனக்கு லாரி மோதிய இடங்களாகவே பழக்கம். அதனால் விஜயா சாவியைக் கையில் எடுத்தாலே என் வாயில் "பாத்து" என்று வந்துவிடும். தெருமுனைக் கடைக்குப் போய்வருவதற்குள் ஏழெட்டுத் தடவை சொல்வேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அவள் நிபந்தனை போட்டாள்.

"'பாத்து'ங்கிற வார்த்தை என் காதுல விழவே கூடாது. விழுந்துச்சுன்னா அடுத்த ரயில்வே ஸ்டேஷன்ல எறங்கிக்கங்க. நான் போயிட்டு வந்துருவேன்."

விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. ரயில்வே கால அட்டவணையை வாங்கி டேஷ்போர்டுக்குள் வைத்திருந்தாள்.

காலையில் சாமான் ஏற்றும்போது எதிர்வீட்டுக்காரர் வந்து நின்றார். "ஏண்ணே, அவுக ஓட்டுறாக. நீங்க எதுக்கு போறீக, ஸ்டெப்னியாவா?" தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். காரில் ஏற்கெனவே ஒரு ஸ்டெப்னி இருந்தது. அதற்காவது ஏதோ வேலை வர வாய்ப்பிருந்தது.

அப்படித்தான் தொடங்கியது அந்த ரப்பர் மேட்டின் தேய்மானம். வாயால் சொல்ல முடியாததைக் காலால் சொன்னேன். முன்னால் போகும் பஸ் வேகம் குறைத்தால் ஒரு மிதி, மாடு தெரிந்தால் ஒரு மிதி. தகரத் தரை 'டம்' என்று சத்தம் போடும். விஜயா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நிபந்தனையில் கால் வரவில்லை.

நன்றாக இருந்தது அந்தப் பயணம். தும்கூரில் சுடச்சுடத் தட்டை இட்லி. ஹூப்ளி தாண்டியதும் கறுப்பு மண். ஒரு மணி நேரம் அதே கறுப்பு. வழி கேட்பது விஜயா, பதில் சொல்கிற ஆண்கள் எல்லாரும் அவளைத் தாண்டி என்னிடம் சொல்வார்கள். நானும் பெரிய ஓட்டுநர் போலத் தலையாட்டுவேன். கண்ணாடியை ஏற்றியதும் அவள் கேட்பாள்: "என்ன சொன்னாரு?" எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. இரண்டு பேரும் சிரித்தபடியே தப்பான திசையில் போவோம்.

பெல்காமை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மணி ஐந்துகூட ஆகவில்லை. ஆனால் விளக்கு போட்டுத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. ஒரு வளைவில், நடுரோட்டில், பின்விளக்கு இல்லாமல் ஒரு லாரி நின்றது. வார்த்தை பல்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். கால் மட்டும் இறங்கியது. டம்!

கார் வழுக்கிக்கொண்டு போய், லாரிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"சொன்னீங்களா?" என்றாள்.

"இல்ல."

"வாய் தெறந்துச்சே."

"கொட்டாவி."

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு வண்டியை ஓரம் கட்டி, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

ஆறாம் நாள் கடலைப் பார்த்தோம். செருப்பைக் கையில் பிடித்தபடி தண்ணீரில் நின்றாள். பக்கத்து டீக்கடையில் தன் வீட்டு மொழியில் டீ கேட்டாள். கடைக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார், திரும்பச் சொல்லச் சொன்னார், பிறகு மூன்று டீ கொண்டுவந்தார். மூன்றாவது அவருக்கு. எங்களோடு உட்கார்ந்து குடித்தார். என்னை ரயிலேற்றாமலே விஜயா மதுரை திரும்பினாள்.

பட்டறையில் நடந்ததை வீட்டில் சொன்னேன். விஜயா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்த லாரிய நான் பாக்கவே இல்ல. கண்ணாடி முழுக்கத் தண்ணி. ஒங்க கால் சத்தம் கேட்டுத்தான் பிரேக்க மிதிச்சேன்."

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா, ஊரு வந்து சேர்ற வரைக்கும் மிதிச்சுக்கிட்டே வந்திருப்பீங்க."

"மிதிச்சுக்கிட்டேதான வந்தேன்."

"கேட்டுக்கிட்டேதான வந்தேன்" என்றாள்.

இப்போது இருப்பது புதுக் கார். முன்னால் ஏதாவது வந்தால் அதுவே கீச்சென்று கத்துகிறது. நேற்று ரிங் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ திடீரென்று நின்றது. கார் கத்தியது, விஜயா பிரேக் போட்டாள். எல்லாம் முடிந்த பிறகு, பழக்க தோஷத்தில் நானும் மிதித்தேன். கீழே மெத்தென்ற விரிப்பு. சத்தமே வரவில்லை.

விஜயா மட்டும் ஒரு நொடி காதைச் சாய்த்தாள்.